பூச்சியியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிலந்தி, தேள், பூரான் எல்லாம் பூச்சிகள்தானே?

இல்லை. பேச்சில் நாம் ‘பூச்சி’ என்ற சொல்லைத் தாராளமாகப் புழங்குகிறோம். குடலில் வாழும் புழுவைக்கூட நாக்குப்பூச்சி என்று சொல்லிவிடுகிறோம். பூச்சியியல் அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. தலை, மார்பு, வயிறு என மூன்றாகப் பிரிந்த உடல், மார்பில் மூன்று இணைக் கால்கள், தலையில் ஓர் இணை உணர்கொம்புகள் இருந்தால்தான் பூச்சி. சிலந்திக்கும் தேளுக்கும் எட்டுக் கால்கள், உணர்கொம்பு கிடையாது. பூரானின் கால் கணக்கோ முற்றிலும் வேறு. இருந்தாலும் பூச்சியியல் துறைகளில் சிலந்தி, உண்ணி ஆய்வாளர்களும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். பழைய பழக்கம்; யாரும் எழுப்பி அனுப்புவதில்லை.

இந்தத் துறை எப்போது தொடங்கியது?

பூச்சிகளைத் தனி இனமாகப் பிரித்துப் பேசியவர்களில் மூத்தவர் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் அரிஸ்டாட்டில். உடலில் வெட்டு விழுந்ததுபோல் துண்டு துண்டாக இருப்பதால் ‘வெட்டுண்டவை’ என்ற பொருளில் அவற்றை ‘என்டோமா’ என்று கிரேக்கத்தில் அழைத்தார். துறையின் உலகப் பெயரான ‘என்டமாலஜி’ அதிலிருந்து பிறந்தது. தேன்கூட்டை மிகக் கூர்ந்து பார்த்தவர் அவர். ஆனாலும் அதன் தலைவியை ‘அரசன்’ என்றே எழுதினார். சில பூச்சிகள் அழுகலிலிருந்தும் பனித்துளியிலிருந்தும் தாமாகத் தோன்றுகின்றன என்றும் நம்பினார். அந்த நம்பிக்கை இரண்டாயிரம் ஆண்டுகள் நிலைத்தது.

தமிழில் தொல்காப்பியம் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கைப்படி அடுக்குகிறது. கரையானுக்கும் எறும்புக்கும் மூன்றறிவு. நண்டுக்கும் தும்பிக்கும் நான்கறிவு. நண்டையும் தும்பியையும் ஒரே படியில் வைத்ததைப் பார்த்து இன்றைய மாணவர் சிரிக்கலாம். அவசரப்பட வேண்டாம். 1758இல் உயிர்களை வகைப்படுத்திப் பெயர் வைத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸும் நண்டைப் பூச்சிகளோடுதான் சேர்த்தார். பின்வந்தவர்கள் அதைத் தவறென்று திருத்தினார்கள். கடைசியில் மரபணு ஆய்வு வந்து, பூச்சிகள் நண்டு, இறால் வகை முன்னோர்களின் கிளையிலிருந்தே பிரிந்தவை என்று காட்டிவிட்டது. தொல்காப்பியர் புலன்களை எண்ணினாரே தவிர உறவுமுறை பார்க்கவில்லை. பொருந்தி வந்தது தற்செயல்தான். ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

அழுகலில் புழு தானாகப் பிறப்பதில்லை என்று முதலில் நிறுவியவர் யார்?

இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி, 1668இல். குப்பிகளில் இறைச்சியைப் போட்டுச் சிலவற்றைத் திறந்து வைத்தார். சிலவற்றை இறுக மூடினார். திறந்தவற்றில் மட்டும் புழு வந்தது. “காற்றுப் போகாததால்தான் மூடிய குப்பியில் புழு பிறக்கவில்லை” என்று யாரும் மறுத்துப் பேச இடம் கொடுக்காமல், வேறு சில குப்பிகளின் வாயில் மெல்லிய துணியைக் கட்டினார். காற்று போயிற்று, ஈ போகவில்லை, புழுவும் இல்லை. மணத்துக்கு வந்த ஈக்கள் துணியின் மேலேயே மொய்த்தன.

இவ்வளவு செய்தவர், இலைகளில் மருப்போலப் புடைக்கும் முடிச்சுகளுக்குள் இருக்கும் பூச்சிகளை மட்டும் செடியே பெற்றெடுக்கிறது என்று நம்பினார். அங்கும் தாய்ப்பூச்சி இடும் முட்டைதான் காரணம் என்று 1679இல் மார்செல்லோ மால்பிகி காட்டினார். ஒரு பொய்யை உடைத்தவர் பக்கத்துப் பொய்யைத் தொடாமல் விட்டுப்போவது இந்தத் துறையின் வரலாறு நெடுகக் காணக் கிடைக்கும் காட்சி.

புழுதான் வண்ணத்துப்பூச்சி ஆகிறது என்பதுகூடத் தெரியாமலா இருந்தார்கள்?

பட்டு வளர்த்தவர்களுக்குத் தெரியும். படித்தவர்களுக்குத்தான் குழப்பம். புழு செத்து, அதன் சடலத்திலிருந்து வேறோர் உயிர் பிறக்கிறது என்று கருதியவர்கள் பலர். ஆம்ஸ்டர்டாமின் யான் ஸ்வாமர்டாம், முதிர்ந்த புழுவை நுண்ணோக்கியின் கீழ்க் கீறி, தோலுக்கு அடியில் சிறகுகளின் தொடக்கம் மடிந்து கிடப்பதைக் காட்டினார். தேன்கூட்டின் ‘அரச’னையும் அறுத்துப் பார்த்தார், உள்ளே இருந்தவை சினைப்பைகள். 1680இல் 43 வயதில் இறந்துபோனார். அவருடைய பெரிய நூல் 1737இல்தான் அச்சேறத் தொடங்கியது.

அதே காலத்தில் கத்தியில்லாமல் இதே உண்மையை எட்டியவர் மரியா சிபில்லா மேரியன். பிராங்பர்ட்டில் பிறந்த இந்த ஓவியர் பதின்மூன்று வயதிலேயே பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கியவர். முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி ஆகிய நான்கையும், அந்தப் புழு தின்னும் செடியோடு சேர்த்து ஒரே தாளில் வரைந்தார். இன்று அது சாதாரணமாகத் தெரியும். அதற்கு முன்பு பூச்சியைப் பெரும்பாலும் வெள்ளைத் தாளில் தனியாகத்தான் வரைந்தார்கள். எதைத் தின்கிறது, எங்கே வாழ்கிறது என்பதெல்லாம் கேள்வியாகவே எழவில்லை. 1699இல், 52ஆம் வயதில், ஓவியங்களை விற்ற பணத்தில் இளைய மகளை அழைத்துக்கொண்டு தென் அமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பல் ஏறினார். நோய் கண்டதால் 1701இல் திரும்பினார். 1705இல் வெளிவந்த சூரினாம் பூச்சிகளைப் பற்றிய அவருடைய நூலைப் பார்த்தே லின்னேயஸ் பல இனங்களுக்குப் பெயரிட்டார். அரசு அனுப்பவில்லை, பல்கலைக்கழகம் அனுப்பவில்லை, அவரே போனார்.

பூச்சிகளை வரிசைப்படுத்தியது யார்?

லின்னேயஸ் 1758இல் சிறகுகளை வைத்து ஏழு வரிசைகளாகப் பிரித்தார். வண்டு, வண்ணத்துப்பூச்சி, ஈ என்று நாம் இன்று பிரிப்பதன் எலும்புக்கூடு அவர் போட்டதுதான். சிறகில்லாதவை எல்லாம் ஒரே மூட்டையில் போயின. நண்டும் சிலந்தியும் அங்கேதான் கிடந்தன. அவருடைய மாணவர் பாப்ரிசியஸ் 1775இல் சிறகை விட்டு வாயுறுப்புகளைப் பிடித்தார். கடிக்கிறதா, உறிஞ்சுகிறதா, நக்குகிறதா என்பது பூச்சியின் பிழைப்பையே சொல்லிவிடுமல்லவா?

மூன்றாமவர் பிரெஞ்சுப் பாதிரியார் லாத்ரேய். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அரசுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்காததால் சிறையில் தள்ளப்பட்டார். தம் அறைத் தரையில் ஊர்ந்த ஒரு சிறு வண்டைக் கையில் எடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது சிறை மருத்துவர் கண்ணில் பட்டார். “அரிதான வண்டு” என்றார் லாத்ரேய். வண்டு உள்ளூர் இயற்கை ஆர்வலர் ஒருவர் கைக்குப் போயிற்று. லாத்ரேயின் பெயரை முன்பே அறிந்திருந்த அவர் முயன்று விடுதலை வாங்கிக் கொடுத்தார். உடனிருந்த கைதிகள் பிழைக்கவில்லை. பிணங்களை நாடி வரும் அந்த வண்டின் பேரினத்துக்குப் பெயர் ‘நெக்ரோபியா’. சாவிலிருந்து உயிர் என்று பொருள் கொள்ளலாம்.

பூச்சிகளை ஊசியில் குத்திப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைப்பது எதற்கு? வெறும் சேகரிப்பு ஆசையா?

ஆசையும் உண்டு, மறுக்கவில்லை. இளைஞரான டார்வின் இரண்டு கைகளிலும் ஒவ்வொரு அரிய வண்டைப் பிடித்திருந்தபோது மூன்றாவதைப் பார்த்துவிட்டு, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். அது நாக்கைச் சுடும் நீரைப் பீய்ச்சியது, துப்பினார், அந்த வண்டும் போயிற்று, மூன்றாவதும் போயிற்று.

ஆனால் ஊசியில் பூச்சிக்குக் கீழே ஒரு சிறு சீட்டு இருக்கும். இடம், நாள், பிடித்தவர் பெயர். பெட்டியின் மதிப்பே அந்தச் சீட்டில்தான். சீட்டில்லாத பூச்சி அலங்காரப் பொருள். ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது எந்தப் பூச்சியைப் பார்த்து வைத்தார்களோ அதையே சான்றாகக் காத்து வைக்க வேண்டும். நூறு ஆண்டு கழித்துச் சந்தேகம் வந்தால் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். 2002இல் பூச்சிகளில் ஒரு புதிய வரிசையே அறிவிக்கப்பட்டது. புதிய இனமல்ல, வண்டுகள், ஈக்கள் என்பதுபோல் ஒரு முழு வரிசை! ஆப்பிரிக்காவில் பிடித்து அருங்காட்சியகங்களில் பல பத்தாண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்த பூச்சிகளும், பால்டிக் பகுதி அம்பருக்குள் (கல்லாக இறுகிய பழங்கால மரப்பிசின்) சிக்கிய பூச்சியும் ஒத்துப்போனதை ஒருவர் கவனித்தார். பிறகுதான் நமீபியாவுக்குப் போய் உயிரோடு இருப்பவற்றைத் தேடிப் பிடித்தார்கள்.

கொசுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது?

1877இல் சீனாவில் பணியாற்றிய பேட்ரிக் மேன்சன், யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டார். பாதி வழி வந்தாயிற்று. மீதிப் பாதியில் சறுக்கினார். கொசு ஒரே முறை கடித்துவிட்டு, தண்ணீரில் முட்டையிட்டுச் செத்துவிடும் என்று நினைத்தார். அப்படியானால் புழு தண்ணீர் வழியாகத்தான் மனிதருக்கு வர வேண்டும் அல்லவா? கொசுவின் ஆயுளைப் பற்றி யாரும் ஒழுங்காக எழுதி வைக்காததன் விலை இது.

அவருடைய தூண்டுதலில் மலேரியாவைத் தொடர்ந்த ரொனால்ட் ராஸ், 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். மறுஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவைக் கொண்டு, கொசு கடிப்பதாலேயே நோய் பரவுகிறது என்று முழு வட்டத்தையும் நிறுவினார். 1902இல் நோபல் பரிசு. மஞ்சள் காய்ச்சலுக்குக் கொசுவே காரணம் என்று கியூபாவின் கார்லோஸ் பின்லே 1881இலேயே சொல்லியிருந்தார். 1900இல் வால்டர் ரீடின் குழு மெய்ப்பிக்கும்வரை அவர் சொல் பெரிதாக எடுபடவில்லை. அதன் பிறகுதான் அரசுகள் பூச்சியியலுக்குச் சம்பளம் கொடுக்க மனம் வைத்தன என்று சொன்னால் மிகையாகாது.

பயிர்ப் பூச்சிகளை அழிக்கும் அறிவியலும் இதுதானா?

இதன் ஒரு கிளை. பூச்சியைப் பூச்சியால் அடக்குவது பழைய வித்தை. சீனத்தில் ஆரஞ்சு மரங்களில் எறும்புக்கூடுகளைக் கட்டித் தொங்கவிட்டதைப் பற்றி கி.பி. 4ஆம் நூற்றாண்டுக் குறிப்பே உண்டு. அறிவியலாக அது பெற்ற முதல் பெரிய வெற்றி கலிபோர்னியாவில். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தேறிய செதில்பூச்சி அங்கே ஆரஞ்சுத் தோப்புகளைக் காயவைத்தது. அது பிறந்த ஊரில் அதைத் தின்பது யார் என்று பார்த்துவர ஆல்பர்ட் கோபெல் 1888இல் அனுப்பப்பட்டார். அவர் அனுப்பிவைத்த பொறிவண்டுகள் சில நூறுதான். இரண்டே ஆண்டுகளில் தோப்புகள் தலைநிமிர்ந்தன.

பிறகு வந்தது டிடிடி என்ற பூச்சிக்கொல்லி. 1939இல் பால் முல்லர் அதன் கொல்லும் திறனைக் கண்டறிந்தார். 1948இல் நோபல் பரிசு பெற்றார். பரிசு அறிவிக்கப்படும் முன்பே டிடிடிக்குச் சாகாத ஈக்கள் தோன்றிவிட்டன. இதில் வியப்படைய எதுவும் இல்லை. பூச்சிகள் மருந்துக்குப் பழகிவிடுமா என்ற கேள்வியை மெலாண்டர் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் 1914லேயே தரவுகளோடு எழுப்பியிருந்தார். மருந்தைத் தாங்கும் ஒன்றிரண்டு பிழைத்து, அவற்றின் வாரிசுகளே வயலை நிரப்புகின்றன. 1962இல் ரேச்சல் கார்சனின் நூல் பொதுமக்களிடம் எச்சரிக்கை மணி அடித்தது. 1972இல் அமெரிக்கா பயிர்களுக்கு டிடிடியைத் தடை செய்தது. என் பார்வையில் அந்த இருபது, முப்பது ஆண்டுகள் துறைக்கே ஓர் இழப்பு. தெளித்தால் செத்துவிடும் என்ற தெம்பில், பூச்சி எப்படி வாழ்கிறது என்று பார்ப்பதையே பலர் விட்டுவிட்டார்கள்.

வெட்டுக்கிளிக் கூட்டம் திடீரென்று எங்கிருந்து வருகிறது?

எங்கிருந்தும் வருவதில்லை, அங்கேயே இருந்ததுதான். 1921இல் போரிஸ் உவாரவ், தனி இனங்களாகக் கருதப்பட்ட இரண்டு வெட்டுக்கிளிகள் உண்மையில் ஒரே இனத்தின் இரு நிலைகள் என்றார். தனியே வாழும்போது ஒரு நிறம், ஒரு குணம். நெருக்கடியில் நிறமும் குணமும் மாறிக் கூட்டம் சேர்கிறது. பாலைவன வெட்டுக்கிளியில் இந்த மாற்றத்தைத் தொடங்கிவைப்பது நரம்பு மண்டலத்தில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் கூடுவதே என்று 2009இல் தெரிந்தது.

ஆய்வகங்களில் பூச்சிகளை வைத்து என்ன கண்டுபிடித்தார்கள்?

நிறைய. பழ ஈயை வைத்து 1910 முதல் மோர்கன் செய்த ஆய்வுகளால்தான் மரபணுக்கள் குரோமோசோம்களில் இருக்கின்றன என்பது உறுதியாயிற்று. அதைப் பற்றி எழுதாத பாடப்புத்தகம் இல்லை; நான் வேறொன்றைச் சொல்கிறேன்.

1930களில் வின்சென்ட் விகிள்ஸ்வொர்த் இரத்தம் குடிக்கும் ஒரு மூட்டைப்பூச்சி வகையை எடுத்துக்கொண்டார். வயிறு நிறைய ஒருமுறை குடித்தால் அது தோலுரித்து வளரும். குடித்த உடனே தலையை வெட்டினால் உடல் பல மாதம் உயிரோடு இருக்கும், ஆனால் தோலுரிக்காது. சில நாள் கழித்து வெட்டினால் தலையில்லாமலேயே உரிக்கும். முதல் வகை உடலோடு இரண்டாம் வகை உடலை ஒட்டி இரத்தம் கலக்கச் செய்தால் இரண்டும் உரிக்கின்றன! ஆக, தலையிலிருந்து ஏதோ ஒரு சாறு இரத்தத்தில் இறங்கி வளர்ச்சியை நடத்துகிறது. புழு புழுவாகவே நீடிப்பதா, முதிர்வதா என்பதைத் தீர்மானிக்கும் ‘இளமை ஹார்மோன்’ இந்த வழியில்தான் கண்டறியப்பட்டது.

இதற்கு ஒரு தொடர்கதை உண்டு. 1960களில் கரேல் ஸ்லாமா என்ற செக் ஆய்வாளர் தம் நாட்டுப் பூச்சிகளோடு அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். ஊரில் ஒழுங்காக வளர்ந்தவை அங்கே முதிர மறுத்தன. ராட்சதக் குஞ்சுகளாகி மடிந்தன. உணவு, நீர், வெளிச்சம் எல்லாவற்றையும் சோதித்தார்கள். குற்றவாளி, வளர்ப்புக் குப்பியில் போட்டிருந்த காகிதம். அமெரிக்கக் காகிதம் செய்யப்பட்ட மரம், பூச்சியின் இளமை ஹார்மோனைப் போன்ற ஒரு வேதிப்பொருளைச் சுரந்து வைத்திருந்தது. நியூயார்க் டைம்ஸ் தாளில் வளர்ந்த பூச்சிகள் முதிரவில்லை. லண்டன் டைம்ஸ் தாளில் வளர்ந்தவை முதிர்ந்தன.

தேனீ நடனமாடிச் செய்தி சொல்கிறது என்பது உண்மையா?

உண்மை. கூட்டுக்குள் செங்குத்தாகத் தொங்கும் அடையில், செங்குத்துக் கோட்டிலிருந்து எத்தனை பாகை சாய்ந்து ஆடுகிறதோ, சூரியன் இருக்கும் திசையிலிருந்து அத்தனை பாகை தள்ளிப் பூக்கள் இருக்கின்றன என்று பொருள். ஆட்டத்தின் நீளம் தூரத்தைச் சொல்லும். இதைப் படித்தறிந்த கார்ல் வான் பிரிஷ் 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பட்டமோ பதவியோ இல்லாதவர்கள் இதில் எதுவும் செய்ய முடியுமா?

மேரியனை ஏற்கெனவே பார்த்தோம். பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியர் ஆன்றி பாபர், வறுமையோடு மல்லாடிக்கொண்டே குளவிகளின் பின்னால் வயல்வெளியில் நாள் முழுக்கக் குந்தியிருந்தவர். வரிசையாக ஊரும் கம்பளிப்புழுக்களை ஒரு தொட்டியின் விளிம்பில் வட்டமாக விட்டார். முன்னே போவதைப் பின்பற்றி ஏழு நாள் சுற்றின. கூண்டில் வைத்த ஒரு பெண் அந்துப்பூச்சியைத் தேடி ஒரே இரவில் நாற்பது ஆண்பூச்சிகள் வீட்டுக்குள் வந்ததையும் அவர் பதிவு செய்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு மணம் அழைக்கிறது என்று ஊகிக்க அது வழிவிட்டது. 1959இல் பூட்டனான்ட் குழு, ஏறத்தாழ ஐந்து லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து அப்படி அழைக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தது. இன்று வயல்களில் தொங்கும் இனக்கவர்ச்சிப் பொறி அந்த இரவின் பேரப்பிள்ளை.

அமெரிக்காவின் சார்லஸ் ஹென்றி டர்னர் முனைவர் பட்டம் வாங்கியும், கறுப்பினத்தவர் என்பதால் ஆய்வுப் பதவிகள் எட்டாமல், உயர்நிலைப்பள்ளியில் பாடம் நடத்தினார். ஆய்வகமோ உதவியாளரோ இல்லாமல், தேனீக்களுக்கு நிறம் தெரியும் என்பதற்கான சோதனைகளை 1910இல் வெளியிட்டார்.

மொத்தம் எத்தனை வகைப் பூச்சிகள் இருக்கின்றன?

பெயர் வைத்தவை ஏறக்குறைய பத்து லட்சம். அவற்றில் வண்டுகள் மட்டும் நான்கு லட்சத்தை ஒட்டி. பெயரில்லாதவை எத்தனை என்பதில்தான் தகராறு. 1982இல் டெர்ரி எர்வின், பனாமாவில் ஒரே வகையைச் சேர்ந்த 19 மரங்களின் உச்சியில் மருந்துப்புகை விட்டு விழுந்த வண்டுகளை எண்ணி, அதிலிருந்து கணக்குப் போட்டு, வெப்பமண்டலக் கணுக்காலிகள் (பூச்சி, சிலந்தி முதலியவை) மட்டும் மூன்று கோடி இருக்கலாம் என்றார். அண்மைக்காலக் கணிப்புகள் 55 லட்சத்தைச் சுற்றி நிற்கின்றன. எதை எடுத்துக்கொண்டாலும், நமக்கு அறிமுகமானவை சிறுபான்மைதான்.

பூச்சிகள் குறைந்துவருகின்றனவா?

ஜெர்மனியின் கிரேபெல்ட் நகரில் 1905இல் தொடங்கிய ஒரு பூச்சியியல் சங்கம் உண்டு. உறுப்பினர்களில் பெரும்பாலோர் பொழுதுபோக்காக வருபவர்கள். அவர்கள் 63 காப்புப் பகுதிகளில் கூடாரம் போன்ற வலைப்பொறிகளைக் கட்டி, பிடிபட்டவற்றை எடை போட்டு எழுதிவைத்தார்கள். 2017இல் வெளியான முடிவு: பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 27 ஆண்டுகளில் முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. காப்புப் பகுதிகளிலேயே இந்த நிலை. எல்லா நாட்டிலும் எல்லாப் பூச்சிக்கும் இதே அளவு என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. பெரும்பாலான இடங்களில் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கணக்கே இல்லை. அந்த வலைப்பொறியைக் கண்டுபிடித்த ஸ்வீடன்காரர் மலேஸுக்கு அந்த யோசனை வந்ததே, பயணத்தில் தம் கூடாரத்துக்குள் புகுந்த பூச்சிகள் உச்சி மூலைக்கு ஏறி அங்குள்ள ஓட்டை வழியே தப்புவதைப் பார்த்துத்தான்.

நான் தொடங்க என்ன வேண்டும்?

பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ், ஒரு நோட்டு, காற்றுப்போகத் துணி கட்டிய கண்ணாடிக் குப்பி. இலையில் ஒரு புழுவைக் கண்டால் அதே செடியின் கொம்போடு எடுத்து வையுங்கள். வேறு இலையைக் கொடுத்தால் பெரும்பாலும் பட்டினி கிடந்து சாகும். தேதி, செடியின் பெயர், தோலுரித்த நாள், தின்பதை நிறுத்திய நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். சில சமயம் வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் கூட்டிலிருந்து ஒரு சிறு குளவி வெளிவரும். ஏமாற்றமாக இருக்கும். அதையும் எழுதிவையுங்கள், எந்தக் குளவி எந்தப் புழுவில் முட்டையிடுகிறது என்ற பட்டியலில் இன்னும் நிரப்பப்படாத இடங்கள் ஏராளம்.